மாத்திரையா, தெரபியா, பள்ளியை மாற்றுவதா: ஏடிஹெச்டி பிள்ளைக்கு எதை முதலில் செய்வது?

பிள்ளைக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காத, மிகையாகத் துடிக்கும் குறைபாடு என்று டாக்டர் ஃபைலில் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெற்றோருக்கு நிஜமான குழப்பம் தொடங்குகிறது. அதுவரை ‘வாலு’, ‘துறுதுறு’, ‘சொன்ன பேச்சு கேட்க மாட்டான்’ என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது டாக்டர் மாத்திரை தொடங்கலாம் என்கிறார். தெரபி சென்டரில் மூன்று மாதப் பேக்கேஜ் சொல்கிறார்கள். பள்ளியில் ‘இவனுக்கு ஏத்த மாதிரி வேற ஸ்கூல் பாருங்களேன்’ என்று நயமாகக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சர்க்கரையை நிறுத்தச் சொல்கிறார், இன்னொருவர் மூளைப் பயிற்சி வகுப்பு விளம்பரத்தை அனுப்பி வைக்கிறார். எல்லாவற்றையும் செய்யப் பணமும் கிடையாது, நேரமும் கிடையாது. அப்போது எது முதலில், எது அப்புறம், எது வேண்டவே வேண்டாம்?

சிறப்பாசிரியராக வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். மருந்து எழுதுவது என் வேலை இல்லை, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மாத்திரை போட்ட பிள்ளையையும் போடாத பிள்ளையையும் வகுப்பில் பார்ப்பவள் என்ற முறையில், இந்த வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து எழுதுகிறேன். மனதில் இருப்பது முக்கியமாக 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகள்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தெரியும். வகுப்பு விதிகளைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பான். செய்ய வேண்டிய நிமிடத்தில், செய்ய வேண்டிய இடத்தில் அது கைக்கு வராது, அவ்வளவுதான். அமெரிக்க உளவியலாளர் ரஸல் பார்க்லி இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்: தடுமாற்றம் எங்கே, எப்போது நடக்கிறதோ அங்கே, அப்போதே உதவி இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை அமைதியான அறையில் ஒரே ஒரு தெரபிஸ்ட் முன்னால் உட்கார்ந்து பழகியது, திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் நாற்பது பேர் இருக்கும் வகுப்புக்குத் தானாக வந்து சேராது. ஆகவே யார் என்ன வழி சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: கணக்குப் பீரியடில் இது எங்கே இருக்கும்?

முதலில் இது ஏடிஹெச்டிதானா?

இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘ஹைப்பரா இருக்கான்’ என்று சொல்வது கண்டறிதல் ஆகாது. மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும், 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, கவனம் சிதறுவதற்கு 9 அறிகுறிகள், மிகைத் துடிப்புக்கும் யோசிக்காமல் பாய்வதற்கும் 9 அறிகுறிகள் உண்டு. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது 6 இருக்க வேண்டும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்காகத்தான் நல்ல டாக்டர் டீச்சருக்கும் ஒரு படிவம் கொடுத்து அனுப்புவார். வாண்டர்பில்ட், கானர்ஸ் போன்ற படிவங்கள் அதற்கானவை. வீட்டில் மட்டும் ஆட்டம் போட்டுப் பள்ளியில் ஒழுங்காக இருந்தாலோ, பள்ளியில் மட்டும் சிக்கல் என்றாலோ, வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அந்த வேறு காரணங்கள் சாதாரணமானவை. காது சரியாகக் கேட்காத பிள்ளை ‘கவனிக்க மாட்டேங்கிறான்’ என்றுதான் முதலில் பெயர் வாங்கும். இரவில் குறட்டை விட்டு, வாய் திறந்து மூச்சு விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதை பெருத்துத் தூக்கம் கெட்டிருக்கலாம். தூக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்து உட்காருவார், சின்னப் பிள்ளையோ அங்கும் இங்கும் ஓடும். இரும்புச்சத்துக் குறைவு நம் ஊரில் சர்வ சாதாரணம். நடுவில் சில விநாடி அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காதது போலத் தொடர்ந்தால் அது ஒரு வகை வலிப்பாகவும் இருக்கலாம். படிக்க, எழுதத் தடுமாறும் டிஸ்லெக்சியா பிள்ளை, புரியாத பாடத்தில் எவ்வளவு நேரம்தான் கண்ணை வைத்திருக்கும்? சில பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியாவும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கும்.

பெண் பிள்ளைகள் இதில் தனிக் கதை. நாற்காலியை உதைப்பவனை எல்லோரும் கவனிக்கிறார்கள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருப்பவளை யாரும் கவனிப்பதில்லை. ‘நல்ல பொண்ணு, கொஞ்சம் மந்தம்’ என்று ரிப்போர்ட் கார்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

மாத்திரை

பெற்றோர் அதிகம் பயப்படுவதும், ஆய்வுகள் அதிகம் நடந்திருப்பதும் இதில்தான். முதன்மையான மருந்து மெத்தில்ஃபெனிடேட். சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிஸோன் என்ற வேதியியலாளர் 1944-ல் உருவாக்கியது. ரிட்டாலின் என்ற பெயர் அவர் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது. 1950-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. ‘புதுசா வந்த மருந்து, என்ன பண்ணுமோ’ என்று கேட்பவர்களிடம் நான் சொல்வதுண்டு: சளி பிடித்தால் யோசிக்காமல் கொடுக்கிறோமே செட்ரிசின், அதைவிட இதற்கு வயது அதிகம்.

என் அளவுகோலில் மாத்திரை சுலபமாகத் தேறிவிடுகிறது. கணக்குப் பீரியடில் அது எங்கே இருக்கும்? பிள்ளையின் ரத்தத்தில். சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி மூன்று, நான்கு மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை எட்டு மணி நேரம் வரையும் அதற்கு மேலும் தாங்கும். பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழு பேருக்குக் கண்கூடாகப் பலன் தெரியும். 2018-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு 133 சோதனைகளைத் திரட்டி ஒப்பிட்டது. பிள்ளைகளுக்கு முதல் மருந்தாகத் தேர்வு செய்ய ஏற்றது மெத்தில்ஃபெனிடேட் என்பது அதன் முடிவு. ஆனால் அது குறுகிய காலப் பலனைப் பற்றிய முடிவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பக்க விளைவில் முதலாவது பசி. மதிய டிபன் பாக்ஸ் கொடுத்தபடியே திரும்பி வரும். மாத்திரைக்கு முன்பே காலை உணவை வயிறாரக் கொடுத்துவிட வேண்டும். மாலையில் மருந்து இறங்கியதும் பசி திரும்பும், அப்போது இரண்டு தோசை, முட்டை, வாழைப்பழம் என்று ஈடுகட்டிவிடலாம். இரவு தூக்கம் தள்ளிப்போவது, தலைவலி, வயிற்றுவலி, நாடித்துடிப்பு சற்றுக் கூடுவது ஆகியவையும் உண்டு. நீண்ட காலம் தொடர்ந்து எடுத்தால் உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறையக்கூடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரமும் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் இதயக் கோளாறோ திடீர் மரணமோ நடந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளை ‘பொம்மை மாதிரி’ ஆகிவிட்டான் என்றால் மருந்தே ஆகாது என்று பொருள் இல்லை. பெரும்பாலும் அளவு அதிகம், குறைத்துப் பார்க்க வேண்டும். பழக்கமாகிவிடுமோ, பிற்காலத்தில் போதைக்குப் போய்விடுவானோ என்ற பயமும் பரவலாக இருக்கிறது. டாக்டர் சொன்னபடி எடுத்த பிள்ளைகளிடம் அந்த ஆபத்து கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் ‘எக்ஸ்’ அட்டவணையில் வரும் மருந்து. சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும், அதில் ஒன்றை மருந்துக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். இவ்வளவு வம்பு எதற்கு என்று பல கடைகளில் வாங்கி வைப்பதே இல்லை. தெருமுனைக் கடையில் கிடைக்காது. மருத்துவமனையை ஒட்டிய கடை எது என்று முதலிலேயே விசாரித்து, தீர்வதற்குப் பத்து நாள் முன்பே வாங்கி வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

இதற்கு மாற்று அடோமாக்ஸெடின் என்ற மருந்து. அதற்கு இந்த ‘எக்ஸ்’ அட்டவணைக் கெடுபிடி கிடையாது, ஒரு நாள் முழுக்க நிற்கும், பதற்றமோ, கண் சிமிட்டுவது, தோள் குலுக்குவது என்று தானாக வரும் அசைவோ உள்ள பிள்ளைகளுக்குச் சில டாக்டர்கள் இதையே விரும்புவார்கள். ஆனால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். சராசரியாகப் பார்த்தால் பலனும் மெத்தில்ஃபெனிடேட் அளவுக்கு இருக்காது. தொடங்கிய புதிதில் மனநிலை மாறுகிறதா, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிப் பேசுகிறானா என்று கவனிக்க வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே ‘ஒண்ணும் கேட்கலை’ என்று நிறுத்திவிட்டு வருபவர்கள் நிறைய.

வீட்டில் பெற்றோர் பயிற்சி, வகுப்பில் தினசரி அட்டை

நடத்தைப் பயிற்சி என்றதும் பிள்ளையை எங்கோ அனுப்பிப் பயிற்றுவிப்பது என்று நினைக்கிறார்கள். பயிற்சி பெற்றோருக்குத்தான். வழக்கமாக வாரம் ஒன்றாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள். சமையலறையிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய்க் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு வேலையைச் சொல்வது, செய்த அடுத்த நொடியே பாராட்டுவது, சின்னச் சேட்டையைக் கண்டுகொள்ளாமல் விடுவது, புள்ளி கொடுத்துப் பரிசாக மாற்றிக்கொள்ள விடுவது. கேட்க எளிதுதான். தினமும் செய்வது எளிதல்ல.

பள்ளியில் இதற்கு இணையானது தினசரி அட்டை. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு நான் போட்ட அட்டையில் மூன்றே வரிகள் இருந்தன. ‘எழுதச் சொன்ன இரண்டு நிமிடத்துக்குள் நோட்டைத் திறந்தேன்.’ ‘பேசும் முன் கை தூக்கினேன், மிஸ் மூன்று தடவைக்கு மேல் ஞாபகப்படுத்தவில்லை.’ ‘டைரியில் ஹோம்வொர்க் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.’ காலை ஒரு கட்டம், மதியம் ஒரு கட்டம், டீச்சர் டிக் போட வேண்டும். ஆறில் நான்கு டிக் வந்தால் அன்று மாலையே அப்பாவோடு கால் மணி நேரம் மாடியில் கிரிக்கெட்.

இதில் பெற்றோர் வழுக்கும் இடங்கள் மூன்று. ‘கத்தக் கூடாது’, ‘ஓடக் கூடாது’ என்று எழுதுவார்கள். என்ன செய்யக் கூடாது என்பதற்கு டிக் போட முடியாது, என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் போட முடியும். இரண்டாவது, வாரம் முழுக்க நன்றாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மால் என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு ஞாயிறு என்பது அடுத்த வருடம் மாதிரி, பரிசு அன்றைக்கே வர வேண்டும். மூன்றாவது, முதல் நாளே உச்சத்தில் வைப்பார்கள். இப்போதே முக்கால்வாசி நாள் செய்யக்கூடியதைக் கொண்டு தொடங்க வேண்டும், ஜெயித்துப் பழகிய பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஒரு தடவை சம்பாதித்த டிக்கை வேறு தப்புக்காகப் பிடுங்கவே கூடாது.

டீச்சர் ஒத்துழைப்பாரா? நாற்பது பேரை வைத்திருப்பவரிடம் எட்டு வரி அட்டையைக் கொடுத்தால் மாட்டார். மூன்று வரி, ஆறு டிக், நாளுக்கு ஒரு நிமிடம் என்றால் பெரும்பாலும் சரி என்பார். ‘மிஸ், உங்களுக்குக் கஷ்டம் குறையணும்னுதான் கேட்கிறேன்’ என்று ஆரம்பித்தால் காரியம் நடக்கும்.

இன்னொன்று. ஏடிஹெச்டி பரம்பரையோடு மிக நெருங்கியது. இரட்டையர் ஆய்வுகளின்படி பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 74 சதவீதம் மரபணு சார்ந்தது. அதனால் பெற்றோரில் ஒருவருக்கும் அது இருக்க நிறைய வாய்ப்புண்டு. ஸ்டார் சார்ட்டை ஒட்டிவிட்டு நாலாம் நாள் மறந்துபோகும் அப்பாவைப் பொறுப்பில்லாதவர் என்று திட்டிப் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 18 கேள்விப் படிவம் ஒன்று பெரியவர்களுக்கு உண்டு, பிள்ளையைக் காட்டப் போகும்போது அவரும் அதை நிரப்பிக் கொண்டுபோகட்டும். பெரியவர்களுக்கும் மருந்து உண்டு, சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையும் உண்டு. அதுவரை அட்டையைப் பார்த்துக் கொள்வது வீட்டில் இன்னொருவர் கையில் இருப்பது நல்லது. பாட்டிகள் இதில் கெட்டிக்காரர்கள்.

இரண்டில் எது முதலில்?

இதற்குச் சான்று இருக்கிறது. 1999-ல் வெளியான எம்டிஏ என்ற ஆய்வில் 7 முதல் 9 வயது வரையிலான 579 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து 14 மாதம் பார்த்தார்கள். கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, தீவிர நடத்தைப் பயிற்சி, இரண்டும் சேர்த்து, ஊரில் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை என்று நான்கு. கவனச் சிதறல், துடிப்பு ஆகியவற்றைக் குறைப்பதில் மருந்துக் குழுவும் கூட்டுக் குழுவும் முந்தின. இரண்டும் சேர்த்தவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. பயிற்சி மட்டும் பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த 14 மாதமும் மருந்தில்லாமலே சமாளித்தார்கள் என்பதும் உண்மை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நான்காவது குழு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மருந்து எடுத்தவர்கள்தான், ஆனாலும் பின்தங்கினார்கள். மாதா மாதம் பார்த்து, டீச்சரிடம் கேட்டு, அளவைத் திருத்தியதுதான் மருந்துக் குழுவின் பலம். சீட்டை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் கழித்துப் போகும் நம் வழக்கம், அந்த நான்காவது குழுவின் வழக்கம். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் கரைந்துவிட்டது. விட்டுவிட்டால் எதுவும் நிலைக்காது.

2016-ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பெல்ஹாம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நேரடியாக இதே கேள்வியைக் கேட்டது: 5 முதல் 12 வயது வரை 146 பிள்ளைகள், பாதிப் பேருக்கு நடத்தைப் பயிற்சி முதலில், மீதிப் பேருக்குக் குறைந்த அளவு மருந்து முதலில், போதாவிட்டால் கூட்டுவது. பயிற்சியில் தொடங்கியவர்கள் வகுப்பு விதிகளை மீறுவது குறைவாக இருந்தது. மருந்தில் தொடங்கி, அப்புறம் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது பெற்றோர் பெரும்பாலும் வரவே இல்லை. நம் ஊரிலும் இதுதான் நடக்கும். மாத்திரை போட்டதும் புகார் நின்றுவிடுகிறது, அட்டை யாருக்கு வேண்டும்?

ஆகவே என் கணிப்பு இது. ஆறு வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் வழி. பிரிட்டன், அமெரிக்க வழிகாட்டுதல்களும் சின்னப் பிள்ளைகளுக்கு அதைத்தான் முன்னால் வைக்கின்றன. ஆறு வயதுக்கு மேல், சிக்கல் மிதமாக இருந்தால், அட்டையும் வீட்டுப் பயிற்சியும் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக நடக்கட்டும், போதவில்லை என்றால் தயங்காமல் மருந்து. ஓடும் வண்டியின் கதவைத் திறக்கிறான், மாடிச் சுவரில் ஏறுகிறான், நண்பன் என்று ஒருவனும் மிஞ்சவில்லை, பள்ளி டிசி கொடுக்கத் தயாராக நிற்கிறது என்றால் காத்திருப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அப்போது மருந்தும் அட்டையும் அதே வாரத்தில்.

ஆட்டிசமும் சேர்ந்திருந்தால் கணக்கு மாறும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட 72 பிள்ளைகளிடம் நடந்து 2005-ல் வெளியான சோதனையில் மெத்தில்ஃபெனிடேட் பலன் தந்தது 49 சதவீதத்தினருக்குத்தான், பக்க விளைவால் 18 சதவீதத்தினர் நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல ஏற்றி, எரிச்சல் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். வகுப்பின் இரைச்சலோ மின்விசிறிச் சத்தமோ தாங்காமல் தவிக்கும் பிள்ளையின் தவிப்பையும் கவனச் சிதறல் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு மாத்திரை பதில் இல்லை, இடத்தை மாற்றுவதுதான் பதில்.

பள்ளியை மாற்றலாமா?

பெற்றோர் யோசிப்பது இரண்டு திசையில். ஒன்று, அதிகாலை முதல் இரவு வரை மணியடித்துப் படிக்க வைக்கும் கண்டிப்பான விடுதிப் பள்ளி. இன்னொன்று, இருபது பேர் மட்டும் இருக்கும் சின்னப் பள்ளி.

விடுதிப் பள்ளியை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். எப்போது என்ன செய்வது என்று வெளியிலிருந்து ஒரு ஒழுங்கு கிடைப்பது இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவும். முதல் சில மாதம் மார்க் ஏறுவதும் உண்டு. ஆனால் இரவு மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரும் ஸ்டடி இவனால் ஆகாது, ஆகாதபோது கிடைப்பது அடி. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் இருப்பது வார்டனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி அனுப்ப முடியாது. மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறதா, சாப்பிடுகிறானா என்று பார்க்க நீங்களும் அங்கே இருக்க மாட்டீர்கள். சின்னப் பள்ளி நல்லதுதான், கட்டணம் கட்டுப்படியானால். பல நேரம் பள்ளியை விட டீச்சர் முக்கியம். அதே பள்ளியில் செக்‌ஷன் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அடிக்கிற, அட்டையைத் தொடவே மறுக்கிற பள்ளி என்றால் மட்டும் மாற்றுங்கள்.

மாற்றாமலே கேட்டு வாங்கக்கூடியவை நிறைய. முன் வரிசை, ஜன்னலும் கதவும் இல்லாத பக்கம். பத்துக் கணக்கை ஐந்து ஐந்தாகக் கொடுப்பது. நடுவில் ஒரு தடவை சாக்பீஸ் எடுத்து வர, நோட்டு அடுக்க என்று எழுப்பிவிடுவது. இந்தக் கடைசி ஒன்றுக்கு எந்த டீச்சரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

சலுகை விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன, ஏடிஹெச்டி தனியாக இல்லை. ஏடிஹெச்டி சான்றை மட்டும் வைத்துப் பொதுத்தேர்வுச் சலுகை கேட்பது கடினம். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் இருந்தால் தமிழ்நாட்டில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்றவற்றுக்கு வழியுண்டு. அதனால் கற்றல் குறைபாட்டுச் சோதனையை ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே செய்து சான்று வாங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்பு ஜனவரியில் சான்றுக்கு அலைபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

மற்றவை

ஆக்குபேஷனல் தெரபி: கையெழுத்து, பட்டன் போடுவது, பந்து பிடிப்பது, சத்தம் தாங்காமை என்று குறிப்பான சிக்கல் இருந்தால் பயன் உண்டு. ஊஞ்சலிலும் பந்துக் குளத்திலும் விளையாடுவதால் மட்டும் வகுப்பில் கவனம் கூடும் என்பதற்குச் சான்று பலவீனம். மூன்று மாதப் பேக்கேஜுக்குக் கையெழுத்துப் போடும் முன், எதை எப்படி அளந்து முன்னேற்றம் சொல்வீர்கள் என்று கேளுங்கள்.

நியூரோஃபீட்பேக்: தலையில் மின்முனை ஒட்டித் திரையில் மூளை அலையைப் பார்த்துப் பழகுவது. 2021-ல் வந்த சோதனையில் 142 பிள்ளைகளில் உண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்கும் போலிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்தைச் சேமிக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கச் சொல்லித்தரும் ‘மிட்பிரெய்ன்’ வகுப்புகளைப் பற்றிப் பேசி இடத்தை வீணாக்க விருப்பமில்லை.

உணவு: சர்க்கரை பிள்ளைகளைத் துள்ள வைக்கிறது என்பதை 1995-ல் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது நிரூபிக்க முடியவில்லை. பல்லுக்காகக் குறைத்தால் குறையுங்கள். செயற்கை நிறங்கள் சில பிள்ளைகளின் துடிப்பைக் கொஞ்சம் கூட்டுவதாக 2007-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. டார்ட்ராஸின், சன்செட் யெல்லோ உள்ளிட்ட ஆறு நிறங்களுக்கு ஐரோப்பாவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். நம் கேசரிப் பவுடரிலும் கலர் மிட்டாயிலும் இருப்பவை அவைதான், தவிர்ப்பது எளிது, நட்டமில்லை. ஒமேகா-3 பலன் மிகச் சிறியது. வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் என்ன கலந்தது என்று தெரியாத சூரணத்தையும் செந்தூரத்தையும் கொடுக்காதீர்கள். சிலவற்றில் ஈயம் இருந்ததுண்டு, ஈயமே பிள்ளையின் கவனத்தைக் கெடுக்கும் பொருள்.

ஓட்டமும் விளையாட்டும் சின்ன அளவில் உதவும். பள்ளி விட்டு நேராக டியூஷனில் உட்கார வைப்பதற்குப் பதில், நடுவில் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்ட விட்டுப் பாருங்கள்.

கையில் காசு குறைவு என்றால்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் பார்க்கலாம். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அங்கேயே இயங்குவதும் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் கேட்கலாம். கூட்டத்தில் டாக்டரிடம் கிடைப்பது சில நிமிடம்தான். டீச்சர் நிரப்பிய படிவம், கடைசி மாத அட்டைகள், எடை உயரக் குறிப்பு மூன்றையும் ஒரே உறையில் கொண்டுபோனால் அந்தச் சில நிமிடம் வீணாகாது.

எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அவசரநிலை தவிர. மாத்திரை, தெரபி, புது டியூஷன் மூன்றும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று டாக்டராலும் சொல்ல முடியாது. தொடங்கும் முன் இரண்டே இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் டைரி எழுதி வருகிறான், ஹோம்வொர்க் முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது. ஆறு வாரம் கழித்து அதே இரண்டைத் திரும்பப் பாருங்கள். நகரவே இல்லை என்றால் டாக்டரிடம் போய் அளவையோ வழியையோ மாற்றச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, மருந்து இன்னும் வேண்டுமா என்ற கேள்வியையும் அவரிடம் வையுங்கள். டீச்சரால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிற, தேர்வு இல்லாத சாதாரண இரண்டு வாரம் அதற்கு ஏற்றது. மே மாத விடுமுறையில் நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜூனில் புது வகுப்புக்குப் போகும்போது பழைய அட்டைகளைப் புது டீச்சரிடம் முதல் வாரமே கொடுத்துவிடுங்கள், அவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காலாண்டுத் தேர்வு வரை காத்திருக்காதீர்கள்.